ஃபீனிக்ஸுக்கும் சேர்த்து இராகுகாலம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். சரக்குப் போக்குவரத்து நிர்வாகம், முதல் வகுப்பு. அந்தப் பட்டத்தோடு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு சேலைக்கடைக்கு மேலே உட்கார்ந்து, அமெரிக்கப் பாலைவனத்தில் எந்த லொறி எப்போது புறப்படலாம் என்று இராகுகாலம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலாளி ஞானேஸ்வரன் அண்ணை. பாரிஸில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். ஃபீனிக்ஸ் நகரில் சொந்த லொறியைத் தாங்களே ஓட்டுகிற பன்னிரண்டு பேருக்கு இங்கிருந்து சரக்குப் பிடித்துக் கொடுப்பதுதான் தொழில். அவர் ஃபீனிக்ஸைப் பார்த்ததில்லை. பார்க்க விருப்பமும் இல்லை. வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

சரக்கு ஏற்றப் போகிற லொறிக்கு பிக்கப் நம்பர் என்று ஒன்று வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் கிடங்கின் கேட் திறக்காது. அந்த நம்பர் அன்றன்று ஃபீனிக்ஸ் நேரம் காலை ஏழு மணிக்குத்தான் எங்கள் கணினிக்கு வரும். இராகுகாலத்தில் அதை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது அண்ணையின் கட்டளை. அதுவும் லண்டன் இராகுகாலம். செவ்வாய்க்கிழமை என்றால் பின்னேரம் மூன்றிலிருந்து நாலரை. அப்போது ஃபீனிக்ஸில் காலை ஏழிலிருந்து எட்டரை. வெயில் ஏறுவதற்குள் சரக்கை ஏற்றிக்கொண்டு ஓடவேண்டிய நேரமே அதுதான்.

இதில் நன்றாக அடிபட்டவர் கீர்த்தனன் அண்ணா. இங்கே லண்டன் லூயிஷாமில் வளர்ந்து, கல்யாணம் கட்டி ஃபீனிக்ஸுக்குப் போனவர். தினமும் ஒரே கிடங்கில் தண்ணீர்ப் போத்தல் ஏற்றுவார். வேறு நிரந்தரச் சரக்கு அவருக்குக் கிடையாது. எங்களால் இரண்டு செவ்வாய் பிந்திப் போனார். மூன்றாம் தடவை பிந்தினால் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவோம் என்று கிடங்கு எழுத்தில் கொடுத்துவிட்டது.

நான் படித்தவள் அல்லவா, படித்த மாதிரியே வாதாடினேன். சூரிய உதயம், எட்டு மணி நேர வித்தியாசம், வரைபடம் எல்லாம் போட்டுப் பத்துப் பக்கம். இராகுகாலம் என்று ஒன்று இருந்தாலும், லொறி நிற்கிற ஊரின் சூரியனைத்தானே பார்க்கவேண்டும் என்று எழுதி, வண்ணத்தில் அச்சடித்து மேசையில் வைத்தேன். அண்ணை கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஐயருக்கு போன் எடுத்தார். முதலாளி இருக்கிற ஊரையும் விடக்கூடாது என்றாராம் ஐயர்.

“நீ சொன்னதும் சரிதான் பிள்ளை,” என்றார் அண்ணை. “இனி ரெண்டையும் பாப்பம்.”

அன்றிலிருந்து லொறிகள் ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் நின்றன. பட்டதாரியை வேலைக்கு வைத்தால் இதுதான் பலன் என்று, கடிதங்கள் அடிக்கிற கலாவதி அக்காவிடம் அண்ணை பெருமைப்பட்டார். என் பத்துப் பக்கத்தைச் சுவரில் ஒட்டியும் விட்டார். வண்ணம் நன்றாகத்தான் வந்திருந்தது.

போன செவ்வாய் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கீர்த்தனன் அண்ணா கூப்பிட்டார். கேட்டுக்கு முன்னால் நிற்கிறாராம். அங்கத்தைய நேரம் ஏழரைக்குள் உள்ளே போகாவிட்டால் பெயர் போய்விடும். அண்ணை பக்கத்து அறையில் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

“எனக்கும் ராகுவில பயம்தான் தங்கச்சி,” என்றார் கீர்த்தனன் அண்ணா. “ஆனா அவர் ஒண்டரை மணித்தியாலத்தில விட்டிடுவார். இவங்கள் வெட்டினா வெட்டினதுதான். நம்பரைத் தாரும்.”

சொன்னேன். ஆறு இலக்கம். பத்து விநாடிகூட ஆகவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, ஏற்றி முடித்த லொறியின் படம் வந்தது. பெயர் வெட்டப்படவில்லை. மனுஷன் சந்தோஷத்தில் அதை அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கே அனுப்பிவிட்டார். அண்ணை போனைப் பிடித்தபடி வெளியே வந்து, நம்பர் கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

“லொறிக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தான்,” என்றார். “இனி நடந்தா ஆர் பொறுப்பு? நாளைக்கு வரவேண்டாம் பிள்ளை.”

“அப்ப வேலையால நிப்பாட்டினதுக்குக் கடிதம் தாங்கோ.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “இப்ப ஏலாது. நாலரை கழியட்டும். உனக்கும் அடுத்த வேலை நல்லா அமையவேணும்தானே.”

உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். கலாவதி அக்கா கடிதத்தை அடிக்கத் தொடங்க, அதையும் இப்போது தொடங்கக்கூடாது என்று நிறுத்திவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஃபீனிக்ஸில் மீதிப் பதினொரு லொறிகளும் வெயிலில் நின்றன. என் கணினியை யாரும் பூட்டவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, பட்டியலில் முதல் ஆளைக் கூப்பிட்டேன்.

“ஷெறோன் அண்ணா, பேனை இருக்கா? எழுதுங்கோ.”