ஆணியில் தொங்கிய மூச்சு

கொரோனா இரண்டாவது அலை அடங்கிய வருடம், விஜயதசமி அன்று காலை பத்தேகாலுக்கு, பிள்ளையார்பாளையத்தில் கோதண்டபாணியின் லேத் பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்பு ரப்பர் பை மூச்சுவிடத் தொடங்கியது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை உப்பிச் சுருங்கியது. அதே நேரத்தில், வாலாஜாபாத் பக்கம் தண்ணீர் நிரம்பிக் கிடந்த ஒரு பழைய கல்குவாரியின் இருநூறு அடி ஆழத்தில், பையின் சொந்தக்காரனான சிவராஜ் காணாமல் போயிருந்தான். நான்கு நாள் தேடினார்கள். பாண்டிச்சேரியிலிருந்துகூட ஆட்கள் வந்து இறங்கிப் பார்த்தார்கள். உடல் கிடைக்கவில்லை. பை மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

சிவராஜ் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தறிக்குழியில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டுக் கடலில் இறங்கப் போனவன். வெளிநாட்டு எண்ணெய்க் கிணறுகளில் பத்து வருடம் முக்குளித்துவிட்டு, வலது தோள் பழுதாகி, பெண்டாட்டி சத்யப்ரியாவிடம் திரும்பி வந்தபோது, யாரோ பயன்படுத்திய ஒரு மூச்சு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தான். விட்ட மூச்சையே வாங்கி, வெள்ளைக் குருணை மருந்து நிரப்பிய டப்பாவில் கழுவி, குறைந்த ஆக்சிஜனைச் சேர்த்துத் திருப்பித் தருகிற இயந்திரம். ஒரு குமிழிகூட வெளியே வராது. வலது கையைத் தூக்க முடியாத தனக்கு ஏற்ப அதை மாற்றித் தர ஊரில் ஓர் ஆள் வேண்டுமென்று தேடியபோது எல்லோரும் கோதண்டபாணியைத்தான் காட்டினார்கள். பட்டுத்தறியின் ஜக்கார்டு பெட்டிக்கு உதிரிபாகம் கடைகிற அவர், இரண்டாவது அலையில் ஊரிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டர் மூடிகளையெல்லாம் இராப்பகலாகச் சரிசெய்து கொடுத்தவர். அதற்குப் பிறகு தெருவே அவரை ஆக்சிஜன் பாணி என்று கூப்பிட்டது. அவர் காதில் விழாததுபோல் இருப்பார். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

மூன்று மாதம் வேலை நடந்தது. கையால் திறக்கும் வால்வு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வந்தது. குருணை டப்பா நான்கு விரல்கடை நீண்டது. மார்பில் தொங்கிய மூச்சுப்பையைக் கழற்றிவிட்டு முதுகில் புதுப்பை பொருத்தினார்கள். பழையது பட்டறை ஆணிக்குப் போனது. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு விவசாயக் கிணற்றில் பன்னிரண்டு தடவை சோதித்தார்கள். முதல் தடவை முக்கால் மணி நேரமாகக் குமிழியே வராததைப் பார்த்துக் கிணற்றுக்காரர் பாடை கட்டவே ஆள் அனுப்பிவிட்டார். சிவராஜ் மேலே வந்து குடிக்க மோர் கேட்டான்.

ஆயுத பூஜை அன்று கடைசியாக மூன்று புது சென்சார்களைப் பொருத்தி மூடி போட வேண்டியிருந்தது. ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து சொல்பவை அவை. மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னதை நம்பி, இயந்திரத்தின் பெட்டி ஆக்சிஜனைத் திறந்துவிடும். "அதும் மூஞ்சில விரல் படக்கூடாதுண்ணா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, சிவராஜ் பூஜைக்குப் பொரி வாங்கப் போனான். பட்டறையில் லேத்துக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. டிரில்லுக்கு, சுத்தியலுக்கு, உடைந்த ஸ்குரூ டிரைவருக்குக்கூட வைத்தாகிவிட்டது. கோதண்டபாணி அந்த மூன்று சென்சார்களையும் பார்த்தார். ஓர் உயிரே இதை நம்பி இறங்கப் போகிறது, இதற்கு இல்லாத பொட்டு வேறு எதற்கு என்று தோன்றியது. மூன்றுக்கும் முகத்தில் துளித்துளி சந்தனம் வைத்து, மேலே குங்குமம் தொட்டு, கும்பிட்டு, மூடியைப் போட்டு முடுக்கினார். மறுநாள் ஆழத்தில் சோதித்துப் பார்க்கக் கல்குவாரிக்குப் போனபோது, கரையில் எல்லாச் சோதனையும் சரியாகவே காட்டியது. காய்ந்த சந்தனத்தில் வெடிப்பு இருந்தது, காற்று புகுந்துகொண்டது.

பை மூச்சுவிடுகிற செய்தி ஊருக்குத் தெரிய அரை நாள்கூட ஆகவில்லை. டாக்டர் ஒருவர் வந்து கடிகாரம் வைத்து எண்ணினார். குழாய் எங்காவது இணைந்திருக்கிறதா என்று போலீஸ்காரர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துப் போனார்கள். சத்யப்ரியா தாலியைக் கழற்ற மறுத்தாள். தினமும் காலையில் வந்து பைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அக்கம்பக்கத்துச் செய்திகளையெல்லாம் சொல்வாள். மத்தியான வேளையில் பை லேசாகக் குறட்டைவிடும். "சாப்ட்டா இப்படித்தாங்க அவரு" என்று கோதண்டபாணியின் மனைவி காந்தாவிடம் சிரிப்பாள். போகும்போது கோதண்டபாணியைப் பார்த்துக் கைகூப்புவாள். "வேற யார் மெஷினா இருந்தாலும் அன்னிக்கே போயிருப்பாருண்ணா. நீங்க செஞ்சதாலதான் இன்னும் மூச்சு ஓடிக்கினு இருக்குது."

அந்தக் கைகூப்பு அவரைத் தின்றது. தேட வந்த பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இயந்திரம் எப்படியெல்லாம் தவறும் என்று விளக்கிய அன்றே அவருக்கு விஷயம் புரிந்துபோயிருந்தது. மூச்சின் ஈரத்தில் சந்தனம் குழைந்து சென்சாரின் முகத்தை அடைத்திருக்கும். மூன்றும் ஒரே குரலில் ஆக்சிஜன் போதாது, போதாது என்று பொய் சொல்லியிருக்கும். பெட்டி நம்பித் திறந்துவிட்டுக்கொண்டே இருந்திருக்கும். அந்த ஆழத்தில் அதிக ஆக்சிஜன் விஷம். வலிப்பு வந்து வாயிலிருக்கும் குழாய் நழுவும். இதைச் சொல்லிவிட வேண்டுமென்று தினமும் வாயைத் திறந்தார். சொன்னால் இவள் மனசு உடையும் என்றும், உண்மை காதில் விழுந்து பை நின்றுவிட்டால் இரண்டாவது தடவையும் தானே கொன்றதாகும் என்றும் வாயை மூடிக்கொண்டார். கைகூப்பு நின்றுவிடும் என்ற பயமும் அதில் இருந்தது. அதை நினைக்கையில் தன்மேலேயே அவருக்குக் காறித் துப்பத் தோன்றும். ஆக்சிஜன் பாணி என்று யாராவது கூப்பிட்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

மூன்று வருடம் இப்படிப் போனது. மூன்றாவது ஆயுத பூஜைக்குச் சத்யப்ரியா மாலையும் கிண்ணத்தில் அரைத்த சந்தனமும் கொண்டுவந்தாள். பைக்கு மாலை போட்டுவிட்டுக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள்.

"உங்க கையால ஒரு பொட்டு வைங்கண்ணா. ராசியான கை."

கோதண்டபாணி கிண்ணத்தை வாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெச்சேன்மா. அன்னிக்கே வெச்சேன். தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனான். நான் கேக்கல. மூடி போடறதுக்கு முன்ன சென்சார் மூஞ்சிலயே சந்தனம் வெச்சேன். அது அடைச்சிக்கிச்சு. நான்தான்மா அவனைக் கொன்னேன்."

காந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பை ஒரு மூச்சைக்கூடத் தவறவிடவில்லை.

"மூணுத்துக்குமா?" என்று கேட்டாள் சத்யப்ரியா.

"மூணுத்துக்கும்."

"ஒண்ணையாவது உட்டிருக்கக் கூடாதா?"

புருஷனிடம் கேட்டுக் கேட்டு அந்த இயந்திரம் அவளுக்கும் அத்துப்படி. ஒன்று மட்டும் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாமல் இருந்திருந்தால், சிவராஜ் அளவு காட்டும் திரையைப் பார்த்துச் சுதாரித்து மேலே வந்திருப்பான். அவள் ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். பாவு காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் நூலைத் தூக்கிப் பிடித்து அவளுக்கும் அவள் தோளில் மூச்சுவிட்ட பைக்கும் வழிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அவள் தம்பி அருள் பட்டறைக்கு வந்து வாசலிலேயே நின்றான். "தையல்கிட்ட காத்து போவுது. அக்கா வரச் சொல்லிச்சு." கோதண்டபாணி கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்பினார். பசை ஒட்ட வேண்டுமானால் ரப்பர் அசையக் கூடாது. இந்தப் பையை நிறுத்தவும் முடியாது. அதனால் மூச்சு வெளியேறி, அடுத்தது ஏறுவதற்கு முன்னால் கிடைக்கிற அந்த ஒரு நொடியில் மட்டும் பசையைத் தொட்டு வைத்தார். கட்டைவிரல் நீளக் கிழிசலுக்கு அரை நாள் பிடித்தது. சத்யப்ரியா நின்றபடியே அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் கரண்ட் கட்டணக் கணக்கெடுக்க வருகிறவருக்குக்கூடத் தண்ணீர் உண்டு.

"மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். அண்ணா என்று சேர்க்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் போகிறார். ரப்பர் வயசாகி அங்கங்கே விரிகிறது. ஒட்டு மேல் ஒட்டு போட்டு இப்போது பழைய பையில் பாதிக்கு மேல் அவர் வேலைதான். சிவராஜின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க வேண்டுமென்று வந்தவர்கள் பை மூச்சுவிடுவதைப் பார்த்துவிட்டு எடுக்காமல் போய்விட்டார்கள். தெருவில் இதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதுகூட இல்லை.

போன ஐப்பசியில், பசை காய்வதற்காக அவர் காத்திருந்தபோது, சத்யப்ரியா ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அவருக்கும் பைக்கும் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அது தனக்கா, பைக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. வேலையை முடித்தார். சொம்பைத் தொடாமல் எழுந்து, அடுத்த மாதம் வருகிறேன் என்று பையிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.