நீலம் போட்ட சுவர்

சுவரில் மாட்டிய படத்தில் எழில்மொழியின் அப்பா நல்ல சிவப்பு. மழமழவென்ற கன்னம், ரோஜா நிற உதடு, பின்னால் வானநீலத் திரை. அவர் இறந்த பிறகு ஒரு கறுப்பு வெள்ளைப் பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கியது. கொண்டுபோன உறவுக்காரர் "நல்லா பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஸ்டுடியோக்காரரும் நல்லதாகவே பண்ணிக் கொடுத்துவிட்டார்.

அம்மா வேம்புவும் நிறம்தான். எழில் மட்டும் கறுப்பு. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள், கடைசியில் அவளைப் பார்ப்பார்கள். கேள்வி வாய்வரை வந்து திரும்பிப் போவது அவளுக்குத் தெரியும். பள்ளித் தோழி சினேகாவுக்கு மட்டும் அந்த நாசூக்கு கிடையாது.

"உங்கப்பா இன்னாடி ஹீரோ கணக்கா கீறாரு. உன்ன மட்டும் அடுப்பாண்ட மறந்து வெச்சுட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எழிலும் சிரித்தாள்.

"அந்தப் படம் பொய்யி. நீ அப்டியே உங்கப்பன் கலரு," என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எழில் நினைத்துக்கொள்வாள். அப்பா போனபோது அவள் கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேல். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் முகம் அவள் நினைவில் இல்லை. இருப்பது அந்தப் படம்தான்.

வியாசர்பாடி குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். அதுவரைக்கும் திருவொற்றியூரில் வாடகை வீடு. கடல்காற்றில் படத்தின் கண்ணாடிக்குள் பூஞ்சை ஏறி, அப்பாவின் நெற்றி வெளுக்க ஆரம்பித்தது. வேற படம் போடணும் என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான், நோன்புக் கஞ்சி வாங்க வண்ணாரப்பேட்டை போனவள் உபைதுல்லா பாயைப் பார்த்தாள். பழைய குடியிருப்பில் பக்கத்து வீடு. தன் பழைய வீடியோ கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருந்தார். கஞ்சித் தூக்கோடு ஒரு பென்டிரைவும் வந்தது.

"உன் வூட்டுக்காரரு கிருஷ்ணப்பன் இதுல கீறாரும்மா. புள்ளைக்கிட்ட காட்டு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள் எழில் மடிக்கணினியைத் திறந்தாள். அம்பேத்கர் ஜெயந்திக்குக் குடியிருப்பின் முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். சாயங்காலம், சீரியல் பல்புகள் எரிகின்றன. முதலில் வாளியும் கைகளும் ஆடுகின்றன. பிறகு, ஸ்டூலின் மேல் பனியனோடு ஒரு ஆள், கையில் சுண்ணாம்பு அடிக்கும் மட்டை. திரும்பிக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அப்பா.

ஆனால் முகம் செங்கல் நிறம். சுவர் செங்கல் நிறம். கீழே நிற்கும் குழந்தையும் அப்படியே. எல்லாவற்றையும் சூளைக்குள் வைத்து எடுத்த மாதிரி இருந்தது.

"இதுல இன்னாடி தெரியுது," என்றாள் அம்மா. குரல் இறங்கிவிட்டது.

எழில் பாய்க்குப் போன் செய்தாள்.

"அப்பதான் மிஷின் புச்சும்மா, துபாய்லேர்ந்து எடுத்தாந்தது," என்றார் அவர். "வெயிலுக்கு ஒரு பட்டனு, லைட்டுக்கு ஒரு பட்டனுன்னு எனக்கு இன்னா தெரியும்? வெயிலு பட்டனப் போட்டுகினு ராவெல்லாம் சுத்தினேன். எங்க வாப்பாகூட அதுல சிவன் கோயில் குங்குமமாட்டம்தான் கீறாரு."

இலவசமாகக் கிடைத்த எடிட்டிங் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டாள். திறந்ததும் விமானி அறைக்குள் வந்தது போல் இருந்தது. எங்கே தொட்டாலும் ஒரு பெட்டி விரிந்தது. அப்பாவின் முகம் நன்றாகத் தெரியும் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாள். முன்னால் ஆடிய வாளியை நீக்கிவிட்டாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், செங்கல் ஆரஞ்சுப் பழம் ஆனது. 'அழகு' என்று ஒரு ஃபில்டர் இருந்தது. அதைப் போட்டதும் அப்பா சட்டென்று சிவந்து, கன்னம் மழமழத்து, சுவரில் மாட்டியிருந்த ஆளாகவே மாறிவிட்டார். அவள் அவசரமாக அதை எடுத்தாள்.

அப்புறம் கீழ் ஓரத்தில், மூடியிருந்த ஒரு பட்டையைத் தெரியாமல் அழுத்த, நிறச் சக்கரங்கள் வரிசையாக விரிந்தன. நிழலுக்கு ஒன்று, நடுவெளிச்சத்துக்கு ஒன்று, பளிச்சென்ற இடத்துக்கு ஒன்று. ஒன்றைத் திருகினாள். அப்பா பச்சையானார். இன்னொரு பக்கம் திருகினாள், கறுத்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அவள் முழங்கையின் நிறத்துக்கே வந்துவிட்டார்.

எழில் கையை எடுத்துவிட்டாள். இப்படியென்றால் யாரும் எந்த நிறத்துக்கும் வரலாம். ஸ்டுடியோக்காரர் சிவப்புப் பூசினார். அவள் கறுப்புப் பூசுகிறாள், அவ்வளவுதான். அவளுக்கு அப்பாவைத் தன் நிறமாக்க வேண்டாம். அவர் என்ன நிறம் என்று தெரிய வேண்டும்.

அவள் எண்ணூரில் ஒரு கம்பெனி ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். நிறத்தை அளக்கும் கருவியில் முதலில் ஒன்றும் கலக்காத சுத்தத் தண்ணீரை வைத்து, இதுதான் பூஜ்யம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். அதன் பிறகுதான் எதை வைத்தாலும் கருவி உண்மை பேசும். சக்கரங்களுக்குப் பக்கத்தில் ஆய்வகத்தில் சொட்டு உறிஞ்சும் பிப்பெட் போல ஒரு சின்னப் படம் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அது எதற்கென்று விளங்கிவிட்டது. படத்தில் வெள்ளையான ஒரு பொருளைத் தொட்டுக் காட்டினால் போதும். மற்ற நிறங்களை மென்பொருளே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

வெள்ளைக்கா பஞ்சம்? புதுச் சுண்ணாம்புச் சுவர் திரை முழுக்க இருந்தது. தொட்டாள்.

செங்கல் போய் மஞ்சள் வந்தது.

"காமாலை வந்த கணக்கா கீறாரு," என்றாள் அம்மா, வெற்றிலைப் பாக்கை நறுக்கியபடி.

பனியனைத் தொட்டாள். மஞ்சள் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. யாரோ கொடியில் போட்டிருந்த வேட்டியைத் தொட்டாள். அதே மஞ்சள்.

அம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "அது சரி, செவுரு ஏன்டி இம்மாம் வெள்ளையா கீது?"

"சுண்ணாம்பும்மா. வெள்ளையாத்தான் இருக்கும்."

"யாரு வூட்டுச் செவுரு வெள்ளையா இருந்துச்சு? நீலம் போடாம என்னிக்குச் சுண்ணாம்பு அடிச்சோம் நாம? அதுவும் ஜெயந்திக்கி. பாக்கெட் பாக்கெட்டா கொட்டுவானுங்க."

எழில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த வேட்டியை, பனியனைப் பார்த்தாள். அந்தக் குடியிருப்பில் வெள்ளை என்று இருந்த எல்லாமே நீலத்தில் முங்கி எழுந்தவைதான். கலங்கிய தண்ணீரை பிளாங்க் என்று வைத்துவிட்டு, கருவி பொய் சொல்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"மா, நீலத்தை எப்பக் கலப்பாங்க?"

"சுண்ணாம்பக் கரைச்சுட்டு, கடைசியா."

வெட்டி எறிந்த பகுதியை மறுபடி எடுத்துவந்தாள். ஆடுகிற வாளி. ஒரு பெரிய கை கட்டையால் கலக்குகிறது. பிறகு இன்னொரு சின்னக் கையைப் பிடித்து, பாக்கெட்டைக் கவிழ்க்க வைக்கிறது. தூள் விழுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினாள். வாளி நிறையச் சுண்ணாம்பு, ஒன்றும் கலக்காதது. பிப்பெட்டை அதன் நடுவில் வைத்துத் தொட்டாள். அந்தக் கணக்கை வீடியோ முழுவதற்கும் போட்டாள்.

சுவர் நீலமானது. ஆகாச நீலமில்லை, அலசின துணியில் இருக்குமே, அந்த நீலம். மேலே ஜெயந்திக்குக் கட்டியிருந்த தோரணக் கொடிகள் அதைவிட அடர்ந்த நீலத்துக்குப் போயின. ஸ்டூலின் மேல் நின்றவர் திரும்பிச் சிரித்தார்.

கறுப்பு. மார்க்கெட்டு வெயில் முழுவதும் ஏறிய, நெற்றியில் பல்பு வெளிச்சம் மின்னும் கறுப்பு. எழில் திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள். அங்கேயே வைத்திருந்தாள்.

"நான் சொன்னப்போ நம்புனியா," என்றாள் அம்மா. புடவைத் தலைப்பு கண்ணுக்குப் போய்விட்டு வந்தது. "இதான் அந்த ஆளு."

அவர் கன்னத்தில் ஒரு திட்டு இருந்தது. முன்பு அதை நிழல் என்று எழில் நினைத்திருந்தாள். இப்போது அது நீலமாக இருந்தது. ஐந்து குட்டி விரல்கள். கீழே நின்ற குழந்தை இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு விரித்துக் காட்டியது. அவையும் நீலம்.

"நீ அப்புனதுதான். தொடைச்சுக்கய்யான்னேன். இருக்கட்டும் போன்னுட்டு அப்டியே மறுநாளு மார்க்கெட்டுக்குப் போச்சு அந்த மனுசன்."

மறு வாரம் அந்தச் சிரிப்பை மட்டும் படமாக எடுத்துக்கொண்டு, தேரடி பக்கம் பரசுராமன் என்பவரின் ஸ்டுடியோவுக்குப் போனாள். எழிலுக்கு எப்போதும் மெல்லிய குரல்; பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் இரண்டு தடவை காதைக் கொடுக்க வேண்டும். பரசுராமன் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பழைய வீடியோவாம்மா? கொஞ்சம் டல்லா கீது. ஒரு சுத்து ஏத்தி உட்டா பளிச்சுனு ஆயிரும். கன்னத்துல கறை வேற. அதையும் எடுத்துடறேன்."

அவர் கை மவுஸுக்குப் போனது.

"கலரைத் தொடாதீங்கண்ணா."

தன் குரல் தெருவரைக்கும் கேட்டது போலிருந்தது அவளுக்கு. அவர் நிமிர்ந்தார்.

"மாட்டி வெக்கிற படம்மா. வர்றவங்க பாப்பாங்க. கறையாச்சும்..."

"கறை இல்ல. அது என் கை."

பரசுராமன் திரையைப் பார்த்தார். பிறகு மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

"அப்பாவா?"

"ஆமா."

"அதான் தெரியுதே," என்றார் அவர். மவுஸை எடுத்து, வேறெதையும் தொடாமல், பிரிண்ட் கொடுத்தார்.