பின்பலகை இல்லாத பெட்டி

சௌல்தாரி கிராமம் போய்ச் சேரும்வரை சுகிர்தா ஆட்டோவின் பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடியே வந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் கிணுங்கின. ஒவ்வொரு கிணுங்கலுக்கும் பிடியை இறுக்கினாள்.

வாரம் முழுக்க அவளுக்குப் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. சனிக்கிழமைகளில் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் நாலு பேர் குழுவில் கிட்டார் வாசிப்பாள். அவளுடையது பழைய வால்வ் காம்போ. ஆம்ப்பும் ஒற்றை ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் அடக்கம். ஹாலுக்குள் வாசித்தவரை குறையில்லை. போன மாதம் கச்சேரியைக் கடற்கரைப் புல்வெளிக்கு மாற்றினார்கள். அங்கே டிரம்மைத் தாண்டி அவள் கிட்டார் யாருக்கும் கேட்கவில்லை. "கிட்டார் இருக்கா இல்லையான்னே தெரியல மேடம், அடுத்த வாரமும் இப்படின்னா வேற பார்ட்டி பாத்துக்கறோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியை வெளியிலிருந்து இணைத்தால் சத்தம் விரியும். அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம்.

பயமும் அந்தப் பெட்டியிலேயேதான் இருந்தது. அவள் காம்போவுக்குள் இருப்பது பதினாறு ஓம் மின்தடை ஸ்பீக்கர். அதோடு இன்னொரு பதினாறு சேர்ந்தால் ஆம்ப் தாங்கும். எட்டைச் சேர்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் கொதித்து உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்துவிட்டால் இந்தத் தீவில் அதற்குப் புதுக் கம்பி சுற்றித்தர ஆள் கிடையாது. கப்பலில் சென்னைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பெட்டி விற்பவர் பன்னீர்செல்வம். முப்பது வருடம் மைக் செட் போட்ட மனிதர். அடுத்த மாதம் மகள் வீட்டோடு இருக்க மெயின்லேண்டுக்குப் போகிறார். ஒரே மரத்தளத்தை நடுவில் பலகைச் சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வீட்டில் இந்தப் பாதி அவருக்கு. மேலே தகரக் கூரை. பின்பக்கம் கமுகுத் தோட்டம், அது முடியுமிடத்தில் கண்டல் செடிகளுக்குள் புகும் உப்போடை, க்ரீக்.

"வாம்மா தங்கச்சி. ரெண்டு இருக்கு, பாத்துக்கோ" என்றார்.

ஒன்று சின்னது, உள்ளே ஒரே ஸ்பீக்கர். பின்பலகையில் பாதியை வெட்டித் திறந்துவிட்டிருந்தது. மற்றது இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டி. நாலு பக்கமும் கனமான பலகை, பின்னாலும் அடைப்பு. பெரியதில் ஸ்டிக்கர் தேய்ந்து எழுத்து எதுவும் இல்லை.

"இது எத்தனை ஓம்ணே?"

"பதினாறுதான். நான் சொல்றேன்ல."

அவர் சொன்னது அவளுக்குப் போதவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பெட்டியின் முனையில் வைத்தாள். எட்டு ஓம் என்றால் ஆறு, ஏழுதான் காட்டும். முள் பதிமூன்றுக்கு வந்து நின்றது, அப்படியென்றால் பதினாறுதான். சின்னதிலும் கிட்டத்தட்ட அதேதான். பன்னீர்செல்வம் கிட்டார் ஒயர் ஒன்றை நீட்டினார். அந்த மெல்லிய ஒயர் சூடேறிவிடும் என்று வாங்காமல், தான் கொண்டுவந்திருந்த தடித்த ஸ்பீக்கர் ஒயரைச் செருகினாள்.

"ரொம்ப பயப்படறியேம்மா."

"எரிஞ்சுபோச்சுன்னா எனக்கு வேற கிடையாதுண்ணே."

முதலில் சின்னது. சத்தம் முன்னாலும் பின்னாலும் கசிந்து அறை முழுக்கப் பரவியது. காதுக்கு இதம்தான். ஆனால் புல்வெளிக்கு இது போதுமா? பிறகு பெரியதை மூலையில் தள்ளி இணைத்தாள். கடைசிப் பாட்டுக்காகத் தடித்த கம்பியை ஒரு படி இறக்கி வைத்திருந்தாள். சத்தத்தைக் கூட்டி அந்தக் கம்பியோடு மற்றவற்றையும் சேர்த்து முழுக் கையால் இழுத்தாள்.

நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. அவள் சிரித்தே விட்டாள். மறுபடி இழுத்தாள். காலடியில் பலகை அதிர்ந்தது, தலைக்கு மேல் தகரம் படபடத்தது. மூன்றாவது முறை இழுத்துவிட்டு விடாமல் நீட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரங்கள் சரிந்து விழுந்த சத்தம் அதற்குள்ளேயும் கேட்டது. ஜன்னல் வழியே, ஈரத் தலையோடு ஒரு பெண் கைக்குழந்தையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தபடி ஓடுவது தெரிந்தது. சுகிர்தாவின் கை அப்படியே நின்றது. சத்தம் அடங்கிய பிறகுதான் நிலநடுக்கம், வெளியே ஓடுங்கள் என்ற இந்திக் கூச்சல் உள்ளே வந்தது.

"பூகம்ப்! பூகம்ப்! பாஹர் நிக்லோ!"

அந்த வாரத்தில் இரண்டு தடவை நிலம் நிஜமாகவே ஆடியிருந்தது. நாலு வீட்டு ஜனமும் தெருவில் நின்றது. பன்னீர்செல்வம் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "அரே, ஒண்ணுமில்ல! ஸ்பீக்கர், ஸ்பீக்கர்! பூகம்ப் நஹி ஹை!" யாரோ திட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். சுகிர்தா வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

கைக்குழந்தையோடு ஓடியவள் பக்கத்துப் பாதியில் குடியிருக்கும் உமா மகேஸ்வரி. கணவன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"ரூபா எங்க?"

ஐந்து வயது மகள். தொட்டிலில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பெரியவள் பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்திருக்கிறாள். வீட்டுக்குள் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இல்லை. "ரூபா! ரூபாக்குட்டி!" என்று கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் உமாவின் குரலில் ஒரு பிசிறு கூடியது.

கமுகுத் தோட்டத்துக்குள் சின்ன ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. மற்றதைக் காணோம். அதைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள்.

க்ரீக்.

அங்கே வாயைப் பிளந்த முதலைப் படம் போட்ட பலகை நின்றது. போன மாதம்தான் அந்த இடத்தில் ஒரு கன்றுக்குட்டி போயிருந்தது. தண்ணீர் அசையாமல் தேநீர் நிறத்தில் கிடந்தது. கரைச் சேற்றில் எதுவோ அகலமாக வழுக்கி இறங்கிய தடம். அது எப்போதையது என்று தெரியவில்லை. ஒருவர் நீளக் கழியால் தண்ணீரை அடித்தார். பன்னீர்செல்வம் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணி நாலு தாண்டியிருந்தது. தீவில் ஐந்தரைக்கெல்லாம் கண் தெரியாது.

என் கை, என் கைதான் என்று சுகிர்தாவின் மனம் அடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை எதற்கு இழுத்தேன்? பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாசித்திருக்கக் கூடாதா?

உமா சேற்றில் முழங்கால்வரை இறங்கப் பார்த்தாள். இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள். "என் புள்ளைக்குப் பயமே தெரியாதுக்கா, சொன்னா சொன்னபடி கேட்கும்! போன வாரம்தான் அங்கன்வாடில டீச்சர், தரை ஆடுனா என்ன பண்ணணும்னு ட்ரில் பண்ணிக் காட்டுனாங்க, தினம் வீட்ல பண்ணிட்டே இருந்துச்சு..." என்று யாரிடமென்றில்லாமல் அழுதாள்.

சுகிர்தா அவள் தோளைப் பிடித்தாள். "என்ன ட்ரில்? எங்க ஓடச் சொன்னாங்க?"

"விடுங்க என்னை!"

"சொல்லுங்க. தரை ஆடினா எங்க ஓடணும்?"

உமா அவளை வெறித்தாள். "மேட்டுக்கு" என்றாள் மெதுவாக. "கடல் உள்ள வரும், பொருள் எடுக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது, மேட்டுக்கு ஓடணும்."

ஸ்பீக்கர்தான் என்று பன்னீர்செல்வம் கத்தியது தெருவில் நின்றவர்களுக்கு. அதற்கு முன்பே ஓடிவிட்ட குழந்தைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

தோட்டத்தின் இடப்பக்கம் குன்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இருந்தது. சுகிர்தா ஓடினாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கவில்லை. நேற்றைய மழையில் பாதை வழுக்கியது. இரண்டு முறை விழுந்தாள். மேலே போகப் போக மரங்கள் நெருங்கி வெளிச்சம் குறைந்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. இங்கேயும் இல்லையென்றால்? அப்போது அந்தச் சேற்றுத் தடம்தான் மிச்சம். அந்த நினைப்பு வந்ததும் கால் ஓடவில்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிக் கீழே போய் அந்தத் தாயின் முகத்தைப் பார்ப்பதைவிட மேலே போவது சுலபம் என்று பட்டது. போனாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பெரிய பாறை ஒன்று. அதன் மேல், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு ஒரு சின்ன உருவம் குந்தியிருந்தது.

"ரூபா?"

குழந்தை கைகளுக்கிடையில் பார்த்தது. அழுத தடம் இருந்தது, இப்போது அழவில்லை. காலில் ஒரு அட்டை கொழுத்துத் தொங்கியது.

"தண்ணி போயிடுச்சா?" என்று கேட்டது.

சுகிர்தா கடைசி மேட்டையும் ஏறி வந்தாள். பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "தண்ணியே வரலைடா கண்ணு. தரை ஆடவே இல்ல. நான்தான்... ஒரு பாட்டுப் பெட்டி சத்தம் அது. அம்மா தேடுறாங்க, வா."

"ஏறும்போது அம்மா கூப்பிட்டது கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"விசில் அடிச்சாதான் எறங்கணும். யார் கூப்பிட்டாலும் எறங்கக் கூடாது. டீச்சர் சொல்லிருக்காங்க."

தூக்கலாம் என்று கையை நீட்டினாள். குழந்தை வீறிட்டுப் பாறையின் மறு ஓரத்துக்கு நகர்ந்தது. அந்தப் பக்கம் செங்குத்தான சரிவு. சுகிர்தா உடனே கையை இழுத்துக்கொண்டாள். ஃபோனில் சிக்னல் இல்லை. கத்தினாலும் கீழே கேட்காது. உதட்டைக் குவித்து ஊதினாள். வாய் காய்ந்து கிடந்தது, வெறும் காற்றுதான் வந்தது. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். காற்றுதான். குழந்தை கண் கொட்டாமல் பார்த்தது. மரங்களுக்கிடையில் வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை நிதானமாக இழுத்து மூன்றாவது முறை ஊதினாள். மெல்லியதாக, உடைந்து, ஒரு விசில் வந்தது.

ரூபா யோசித்தாள். "டீச்சர் விசில் இப்படி இருக்காது."

"தெரியும்டா. எனக்கு இவ்வளவுதான் வருது."

அந்தப் பிள்ளை கைகளைத் தலையிலிருந்து எடுத்தது. தானாகவே தவழ்ந்து வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

பாதி வழியிலேயே உமா ஏறி வந்துகொண்டிருந்தாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த சுகிர்தா அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் இறங்கினாள்.

பன்னீர்செல்வம் வீட்டுக்குத் திரும்பியபோது ஆம்ப்பின் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அணைத்தாள். ஒயரைச் சுற்றி எடுத்தாள்.

"பெரிசுதான் ஓபன் கிரவுண்டுக்குச் சரி" என்றார் பன்னீர்செல்வம் தாழ்ந்த குரலில். "உனக்கு வேணாம்னா விடு, நான் வற்புறுத்தல."

அவளால் அந்தப் பெரிய பெட்டியைத் தொடவே முடியவில்லை. ரிசார்ட்டின் வேலைக்காரர்கள் புல்வெளிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறைகளில் பிள்ளைகுட்டிகளோடு தூங்குவது நினைவுக்கு வந்தது. "சின்னதைத் தாங்கண்ணே. காதளவு உயரத்துல தூக்கி வெச்சா போதும்" என்றாள்.

அப்போது வாசலில் உமா வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரூபா. அட்டை கடித்த இடத்தில் மஞ்சள் அப்பியிருந்தது.

"எதை எடுக்கறீங்க?"

சுகிர்தா காட்டினாள்.

"இதுவும் அப்படி ஆட்டுமா?"

"ஆட்டாதுங்க. பின்னாடி திறந்திருக்கு, அவ்வளவு அடி இருக்காது."

"நீங்க சொன்னா எனக்குப் பத்தாது. வாசிச்சுக் காட்டுங்க. இவளும் பாக்கணும், இல்லன்னா ராத்திரி தூங்க மாட்டா."

உமா தன் வீட்டுப் பக்கத்துப் பலகைச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். சுகிர்தா ஒயரைச் செருகினாள். கம்பியை மறுபடி பழைய சுருதிக்கு ஏற்றி, விரலை வைத்தாள். அழுத்த முடியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு ஸ்வரத்துக்கு இப்படிப் பயந்ததில்லை.

பிறகு மெதுவாக ஒன்றை மீட்டினாள். இன்னும் கொஞ்சம் கூட்டி இன்னொன்று. கண் உமாவின் கை மேலேயே இருந்தது.

"இன்னும் ஏத்துங்க" என்றாள் உமா.

ஏற்றினாள். அறை நிறைந்தது. தகரம் அசையவில்லை. உமா சுவரிலிருந்து கையை எடுத்தாள். "சரி, இதையே எடுத்துக்கோங்க. அந்தப் பெரிசை இங்க யாரும் போட வேணாம்" என்று பன்னீர்செல்வத்தைப் பார்த்துச் சொன்னாள். ரூபா பெட்டியின் பின்பக்கம் போய், திறந்த இடத்தில் தலையை விட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை புல்வெளியில் இரண்டு பிளாஸ்டிக் கிரேட்டுகளின் மேல் சின்னப் பெட்டியை ஏற்றி, முன்பக்கம் ஜனத்துக்கும் திறந்த பின்பக்கம் டிரம்மர் காதுக்கும் நேராக வைத்தாள். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஜனம் ஆடியது, மேனேஜரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பாட்டில் மட்டும் அந்தத் தாழ்ந்த கம்பி வரும் இடத்தை அவள் வாசிக்காமல் விட்டுவிட்டாள். ஏன் என்று குழுவில் யாரோ கேட்டார்கள். மறந்துபோச்சு என்றாள்.