வெளியிடாத பதினைந்தாம் பக்கம்

வெப்சைட் நடத்த ரெடிமேடாக விற்கிற மென்பொருள்களில் எது எதிலிருந்து என்ன ரகசியம் கசிகிறது என்று பட்டியல் போடுவதுதான் அக்காவின் உத்தியோகம். எந்த வெர்ஷன், எவ்வளவு ஆபத்து, எல்லாம் விரல் நுனியில். வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. காலையில் அவளிடம் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் பெரியப்பா வீடு வரை போய்விடும் என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்ப்பு. கடவுளுக்கும் கிண்டல் தெரியும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை புதுப் புகார் ஒன்று வந்தது. ஒரு மென்பொருளில், பக்கத்தின் முகவரியின் கடைசியில் இருக்கும் எண்ணை மாற்றினால் இன்னும் வெளியிடாத பக்கமும் வந்து நிற்கிறதாம். சரிபார்க்க அதே பழைய வெர்ஷன் வேண்டும். சைக்கிள் கடை வைத்திருக்கும் தம்பியிடம் அது இருந்தது. அவளே போட்டுக் கொடுத்த சைட். நோண்டிப் பார்க்க அனுமதியும் உண்டு. இரண்டு வருடமாக அப்டேட் பண்ணு என்று கத்தியும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினான்கை அழித்துப் பதினைந்து என்று தட்டினாள்.

'எங்கள் திருமணம்' என்று வந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதி. பெண்ணின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அடியில், யாருக்கு எப்போது சொல்வது என்று தம்பி தனக்காகக் குறித்து வைத்திருந்தான்: அம்மாவுக்கு ஞாயிறு. மாமாவுக்கு அடுத்த வாரம். அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்.

கடைசி வரியை அவள் மறுபடி படித்தாள். கூடப் பிறந்தவள் கடைசியா? அவன்மேல் தப்பில்லை என்று தெரிந்ததால் இன்னும் வலித்தது. ஆனால் பார்த்ததை சைட்டின் சொந்தக்காரரிடம் ஒளிக்கக்கூடாது என்பது தொழில் விதி. போன் போட்டாள்.

"டேய், உடனே சைட்டை அப்டேட் பண்ணு. உன் பதினஞ்சாம் பக்கத்தை யார் வேணா பாக்கலாம். நான் பாத்துட்டேன்."

ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக ஆகாத வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நானே அம்மாகிட்ட சொல்லிடறேன். அதுவரைக்கும்..."

"மூச்சு விட மாட்டேன்."

"மூணு நாள்க்கா." அவன் குரலில் நம்பிக்கை துளிக்கூட இல்லை.

இந்த ஒரு தடவை காப்பாற்றிவிட்டால் இனிமேல் அவன் தன்னிடமும் மனம்விட்டுப் பேசுவான். அதற்காகவாவது வாயைக் கட்டுவது என்று முடிவு செய்தாள்.

மதியம் அம்மா கூப்பிட்டாள். மாடி வீட்டுச் சண்டை, மேனேஜரின் புது விக், எல்லாவற்றையும் அக்கா விலாவாரியாகச் சொன்னாள். "தம்பி எப்படி இருக்கான்?" என்றாள் அம்மா, சும்மாதான்.

"அவனைப் பத்தி நான் எதுவும் சொல்றதுக்கில்லம்மா."

 அம்மா நிதானமாகக் கேட்டாள். "பொண்ணு யாரு?"

தானே கசியவிட்டுவிட்டோம் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பட்டியலில் இந்த வகைக் கசிவு மட்டும் நாற்பதுக்கு மேல். இல்லாத பக்கத்தைக் கேட்டால் 'இல்லை' என்கிற மென்பொருள், மறைத்து வைத்த பக்கத்தைக் கேட்டால் 'உனக்கு அனுமதி இல்லை' என்று சொல்லித் தொலைக்கும். உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதாதா? இதை எழுதினவன் சுத்த மடையன் என்று நாற்பது தடவையும் அவள் திட்டியிருக்கிறாள்.

மீட்டிங் என்று சொல்லி போனை வைத்தவள், தம்பியைக் கூப்பிட்டு நடந்ததை வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். "கெடுத்துட்டேன்டா," என்றபோது குரல் உடைந்தது.

"அவ்வளவுதான் சொன்னியா? கல்யாணம்னு சொல்லல?"

"சத்தியமா சொல்லல."

"அப்புறம் என்ன? அம்மாகிட்ட யாருதான் தப்பிக்க முடியும்?" தம்பி சிரித்தான். "இதோ, இன்னொரு லைன்ல அவங்கதான்."

"எடுடா, எடு."

"இருக்கட்டும்க்கா. அவ யாருன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடறேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆயுளில் முதல் தடவையாக, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.