பெல்ட் நிற்கட்டும்

விடியற்காலையில் வந்து நின்ற வேகன்களில் நிலக்கரி ஒரே பாறையாக உறைந்திருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்பது டிகிரி. கடப்பாரையால் ஓங்கிக் குத்தினால் அடி எங்கள் தோளுக்கே திரும்பி வந்தது. மங்கோலியத் தலைநகரான உலான்பத்தாரில் பாதி ஊருக்கு வெப்பமும் விளக்கும் எங்கள் மின்நிலையத்திலிருந்துதான் போகின்றன.

உடைத்த கட்டிகள், கரி கொட்டும் குழியின் இரும்புக் கிராதியில் அடைத்துக்கொள்ளும். ஓர் ஆள் இறங்கிக் குத்திவிட வேண்டும். அடியில் கரியைப் பாய்லருக்குக் கொண்டுபோகும் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று கன்சோரிக் இறங்கினான். விரிசல் விட்ட கிராதிக் கம்பியைப் பற்றி மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தோம். அந்தக் கம்பிதான் முறிந்தது. கன்சோரிக்கின் கால் பெல்ட்டில் சிக்கியது. எங்கள் குழுவின் துல்மா அக்கா பாய்ந்து, பெல்ட்டை நிறுத்தும் அவசரக் கயிற்றை இழுத்தாள்.

ஆம்புலன்ஸ் போனதும் மேலாளர் பூரெவ் வந்தார்.

“யாரு நிறுத்துனது?”

“நான்தான், தலைவரே,” என்றாள் துல்மா அக்கா.

“அதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சுல்ல. ஓட்டுங்க. வேற ஆள் இறங்கட்டும்.”

“பெல்ட்டு நின்னா இறங்குறோம். ஓடுனா ஒருத்தரும் இறங்க மாட்டோம்.”

“பாய்லர் அணைஞ்சா ஊரே உறைஞ்சு சாகும்.”

“அந்த ஊர்லதான் எங்க புள்ளைங்க இருக்கு. உங்க வீட்ல எல்லாரும் தெற்கே வெயில் காயப் போயிருக்காங்களாமே.”

பூரெவ் வாக்கி-டாக்கியை எடுத்தார். “சரி, லோடு குறைக்கச் சொல்றேன். மொதல்ல உங்க மலைச்சரிவுலதான் கரண்ட் போகும்.”

தொழிலாளர்கள் நாங்கள் குடியிருக்கும் அந்த மலைச்சரிவில், என் கூடாரத்தில், மின்கணப்பின் அருகே, என் மனைவி இருபது நாள் குழந்தையோடு படுத்திருந்தாள். நானே இறங்கிவிடலாமென்று கால் ஓரடி நகர்ந்தது. துல்மா அக்கா என்னைப் பார்த்தாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் செலெங்கே.

“கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பெல்ட் நிக்கட்டும். பாய்லர் தொட்டியில இருக்கிற கரி இருபது நிமிஷம் தாங்கும். மின் விநியோக நிலையத்துல பேசிட்டேன். பெரிய கடைங்க விளக்கத்தான் அணைப்பாங்களாம், மலைச்சரிவத் தொட மாட்டாங்க.”

“உன் வேலை போயிடும்,” என்றார் பூரெவ்.

“இந்தக் குளிர்ல என் நாற்காலிக்கு யாரு வர்றாங்கன்னு பாப்போம்.”

ஆனால் நாங்கள் ஆறு பேர். அடைப்பெடுக்க ஒரு மணி நேரமாகும். வாசலில் இரவு முறை முடித்து வீடு திரும்பும் ஆட்களின் பேருந்து புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. துல்மா அக்கா ஓடிப் போய் அதன் கதவைத் தட்டினாள். என்ன சொன்னாளோ, உறுமல் அடங்கியது. தூக்கக் கண்களோடு ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள்.

“குழியில அத்தனை பேருக்கு இடமில்ல,” என்றேன்.

“மாத்தி மாத்தி இறங்குவோம்,” என்றார் முன்னால் வந்தவர்.

பூரெவ் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் போதுமா என்று யாருக்கும் தெரியாது. கன்சோரிக்கின் கால் என்ன ஆயிற்றென்றும் தெரியாது. நான் குழிக்குள் இறங்கிக் குத்தினேன். மூச்சு முட்டியபோது மேலே பார்த்தேன். அடுத்தவர் கடப்பாரைக்குக் கை நீட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வேகன்வரை நீண்டிருந்தது.