வாசலில் நின்ற கதாநாயகி

சினிமா சுவரொட்டியில் இருந்தது நோயெமியின் முகம்தான். பிரான்சின் ரோயான் ஊரில் கடற்கரைச் சாலை நெடுக அந்தப் பருத்த கன்னமும் முறைத்த பார்வையும் ஒட்டிக் கிடந்தன. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டது. நோயெமிக்கோ ஒரு வாரமாகத் தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை.

காரணம் அக்கா சோலேன். பதினெட்டு வயது, ஊரில் யார் கேட்டாலும் அழகிதான். தங்கை நடித்த படம் இரண்டு சகோதரிகளின் கதை, ஆசை துளிர்க்கும் வயதைப் பற்றியது. பாரிஸ் பத்திரிகைகளில் கலை என்று பாதிப் பேரும் குப்பை என்று மீதிப் பேரும் அதற்குள் மயிர்பிடிச் சண்டையில் இறங்கியிருந்தார்கள். அந்தச் சண்டைக்குரிய காட்சிகளுக்கும் நோயெமிக்கும் சம்பந்தமில்லை. அவற்றில் நடித்தவர்கள் பாரிஸிலிருந்து வந்த வளர்ந்த பெண்கள். அன்றைக்கெல்லாம் இவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இவள் வேலை முறைப்பதும் பேசுவதும் மட்டுமே.

பேசியதுதான் வினை. ஒருநாள் மத்தியானம் இயக்குநர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எழுதி வெச்ச வசனத்துல உயிரே இல்லம்மா. உங்க அக்கா படுக்கையில உங்கிட்ட என்னதான் சொல்லுவா? அதைச் சொல்லேன்" என்றார். அதுவரை நோயெமியிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. குண்டுப் பெண்ணிடம் ஊர் கேட்பதெல்லாம், இன்னொரு கேக் வேணுமா என்பதுதான். தலைகால் புரியாமல் அக்காவின் ரகசியத்தைச் சொல்லிவிட்டாள்.

சோலேனைக் கூட்டிக்கொண்டு போர்தோ நகரத்துக்குப் போய் வாழப்போவதாகச் சொன்ன தாங்கி என்ற பையன் கடைசியில் வரவேயில்லை. அவள் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பினாள். தோழி வீட்டுக்குப் போனதாக எல்லோரிடமும் சொன்னாள். தங்கையிடம் மட்டும்தான் உண்மையைச் சொல்லி அழுதாள்.

"நின்னதுகூடப் பரவால்லடீ. கடைசி பஸ்ஸும் போனப்புறம், ஒருவேளை இப்ப வந்துட்டான்னா என்ன நினைப்பான்னு தலைய வாரிக்கிட்டேன் பாரு. அதத்தான் தாங்க முடியல."

நோயெமி அதை ஒரு சொல் பிசகாமல் கேமரா முன் சொன்னாள். இயக்குநர் அவளைக் கட்டிக்கொண்டார். "இது படத்துல வருமா மேடம்?" என்று கேட்டதற்கு, "எடிட்டிங்ல பாதி போயிடும்" என்றார். எந்தப் பாதி என்று அவர் சொல்லவில்லை.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டுமென்று தினமும் வாயெடுத்தாள். தினமும் மென்று விழுங்கினாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடம் வரும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம். இருட்டில் அக்காவால் எதையும் மன்னிக்க முடியும்.

அன்று மாலை புதுச் சட்டை போட்டு, அம்மாவோடும் அக்காவோடும் தியேட்டருக்குப் போனாள். வாசலில் டிக்கெட் கிழிக்கும் கஸ்தோன் கையை நீட்டி மறித்தார்.

"உனக்கு வயசென்ன கண்ணு?"

"பதினாலு."

"பதினாறுக்குக் கீழ விடக் கூடாதும்மா. பெத்தவங்க கூட வந்தாலும் கூடாது."

பின்னால் நின்ற ரொட்டிக்கடைக்காரம்மா சண்டைக்கு வந்தாள். "யோவ், படத்துக்குள்ளயே அவதான்யா இருக்கா! சுவத்துல பாரு!"

"படத்துக்குள்ள இருக்க சர்க்கார் அனுமதி குடுத்திருக்கு. தியேட்டருக்குள்ள இருக்கக் குடுக்கலையே."

வரிசையே கொல்லென்று சிரித்தது. இத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் இது முன்பே தோன்றவில்லை. நோயெமி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நீயும் போகாத. வீட்டுக்குப் போயிடலாம் வா."

"லூசாடீ நீ? என் தங்கச்சி படம், நான் பாக்காம வேற எவ பாப்பா? வந்து ஒவ்வொரு சீனா சொல்றேன், அழாத."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவுக்கு நேர் பின்னால் தாங்கியின் அம்மா நின்றிருந்தாள். அக்காவும் அம்மாவும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

நோயெமி வெளியே பாப்கார்ன் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்னென்னவோ இசை, யார் யாரோ பேசினார்கள். பிறகு அவள் குரலே கதவுக்கு இந்தப் பக்கம் வந்தது. நின்னதுகூடப் பரவால்ல. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அதையும் மீறிக் கேட்டது அடுத்து எழுந்த சத்தம். தலை வாரிய இடத்தில் அரங்கம் சிரித்தது. பெரிய சிரிப்பு. அதற்கு அப்புறம் எதுவும் சரியாகாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

படம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். நோயெமியைச் சுற்றி வரிசை கட்டினார்கள். மேயர், டீச்சர், ரொட்டிக்கடைக்காரம்மா என ஒவ்வொருவராக வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுப் பாராட்டினார்கள். தாங்கியின் அம்மா, "பாவம்டியம்மா அந்தப் பொண்ணு, யாரு பெத்த பொண்ணோ" என்று சொல்லிவிட்டு, சோலேன் நின்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போனாள்.

சோலேன் வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். முறை வந்ததும், மற்றவர்களைப் போலவே கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம் கொடுத்தாள்.

"நல்லா நடிச்சிருக்க. வாழ்த்துகள்."

"அக்கா, திட்டுக்கா. அடிச்சிடு. ஏதாவது சொல்லுக்கா."

சோலேனின் முகத்தில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

"எதுக்கு? அடுத்த படத்துல போடவா?"

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கஸ்தோனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.