அவர்கள் தூக்கத்தில் கொஞ்சம்

கண் விழித்தபோது வேன் வளைகுடாப் பாலத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்கவேண்டிய திலோவாசி துறைமுகம் புகைபோக்கிகளோடு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

காலையில் எங்கள் ஊர் கெப்ஸேயில் சாலையோரம் வந்து நிற்கிற ஆலை வேன்கள் எல்லாமே வெள்ளை. முன்கண்ணாடியில் செருகிய ஆலைப் பெயர் அட்டையைப் பார்த்துத்தான் ஏறவேண்டும். தூக்கக் கலக்கத்தில் நான் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு அந்தத் துறைமுகத்தில் நேர்காணல். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகச் சும்மா இருக்கிறேன். இதையும் விட்டால் அம்மாவோடு மீன் டப்பா ஆலைக்குத்தான்.

"அண்ணே, நிறுத்துங்க."

"பாலத்துலயா? போலீஸ்காரன் ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவான்," என்றார் ஓட்டுநர் ஜெவ்தெத். "படிச்ச பொண்ணா?"

"ஆமா."

"அதான் அட்டைய படிக்கல."

வேனே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கரையில் கப்பல் கட்டும் தளத்து வாசலில் என்னைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள். இரவு வேலை முடித்தவர்கள் வீடு திரும்ப ஏறினார்கள்; முகமெல்லாம் கரி. ஜெவ்தெத் என் கதையைச் சொன்னார்.

"துறைமுக ரோட்டுல லாரி வரிசை நிக்குது. உள்ள போனா அரை மணி நேரம் போயிடும். நீங்க சொன்னாத்தான் அங்க திருப்புவேன்."

"நாங்க தூங்க வேணாமா?" என்றார் ஒருவர்.

நான் தலையைக் குனிந்து மடியிலிருந்த சான்றிதழ் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்டிங் வேலை செய்யும் ஷெஹ்ரிபான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்டி, வாயத் தொறந்து கேக்க மாட்டியா?"

"உங்க தூக்கத்த நான் எப்படிக்கா கேப்பேன்?"

அவள் கைபேசியை எடுத்தாள். "மகனே, தங்கச்சிய கூட்டிக்கிட்டு நீயே பள்ளிக்கூடம் போயிடு. அம்மா சாயங்காலம் பாக்குறேன்." வைத்துவிட்டு, "திருப்புங்க அண்ணே," என்றாள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டவர் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, "சீக்கிரம் ஓட்டு," என்றார்.

துறைமுக வாசலில் நன்றி சொல்லத் திரும்பினேன். ஷெஹ்ரிபான் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

உள்ளே, டை கட்டிய அதிகாரி கேட்டார்: "ரெண்டு கண்டத்த சேத்து வைக்கிற பகுதி இது. எதனால இங்க இவ்வளவு தொழில்?"

ஆழமான கரை, ரயில், நெடுஞ்சாலை என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். பிறகு, "ராத்திரி தூங்காம வேலை செய்யுற ஆளுங்களாலயும்," என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

வேலை கிடைத்தது. அதிகாரிக்கு நன்றி சொன்னேன், மரியாதைக்கு. மனதார நன்றி சொல்லவேண்டியவர்கள் அந்நேரம் கெப்ஸேயில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள். நன்றாகத் தூங்கட்டும்.